எண்ணெய் படாத வளையங்கள்

எண்பதுகளின்ரை நடுப்பகுதி. பாரிசிலை, லா சப்பலிலை ஒரு அறைக்குள்ளை ஆறு பேரோடை இருந்துகொண்டு, நகரத்துக்கு வெளியிலை இருக்கிற எபினேக்கு ரயிலிலை வேலைக்குப் போய்வந்தன். சின்னப் பட்டறை. கையுறை போட்டு றப்பர் வளையங்களைக் கழுவித் துடைச்சு, பையிலை போட்டு ஒட்டவேணும். மூண்டு மாசம் வேலையைப் பாத்துப்போட்டுத்தான் நிரந்தர கொன்ரா, அதுதான் வேலை ஒப்பந்தம், தருவாங்கள். கொன்ரா இருந்தால்தான் வீடு கிடைக்கும், வீடு கிடைச்சால்தான் யாழ்ப்பாணத்திலை நிக்கிற என்ரை மனிசியைக் கூப்பிடலாம்.

ரெண்டு மாசம் போனாப் பிறகுதான் ஷெவ், பட்டறைக்குப் பொறுப்பான பிரெஞ்சுக்காரர், விசயத்தைச் சொன்னார். அணுசக்தியிலை ஓடுற நீர்மூழ்கிக் கப்பலுக்கு உதிரிப்பாகமாம். சண்டைக் கப்பல், கிழமைக்கணக்காக் கடலுக்கடியிலையே நிக்குமாம். உள்ளை இருக்கிற ஆக்களுக்கு ஒட்சிசன் போற குழாயளுக்குத்தான் என்ரை வளையங்கள். எண்ணெய்ப் பசை கொஞ்சம் பட்டாலும் ஒட்சிசனோடை சேந்து பத்திப்போடும் எண்டார். வெளியிலை மூச்சும் விடப்படாது எண்டு கையெழுத்தும் வாங்கினார்.

ஐயோ, எனக்கு வந்த புளுகமும் பெருமையும்! வள்ளத்திலை ஏறினாலே சத்தியெடுக்கிற நான் அணுக் கப்பலுக்குச் சாமான் அனுப்புறன்! ஆருக்கும் சொல்லேலாமல் வயிறு ஊதிப்போச்சு.

மூண்டு மாசம் முடியிற அண்டு, சாமான் ஏத்த வான் வந்தது. கடைசிப் பெட்டியும் ஏறிச்சுது. அப்பாடா எண்டு தலைமயிரைத் தடவிவிட்டன். கையுறை மினுங்கிச்சுது.

தேங்காயெண்ணெய்! காலமை வழமை போலை அப்பி வழிச்சு இழுத்தது; வேலையிலை தலையை மூடுற தொப்பியைத்தான் அண்டைக்குப் புளுகத்திலை மறந்துபோனன். நான் நிமிசத்துக்கொருக்கால் தலை தடவுற சாதி. அண்டைக்கு எத்தினை தரம் தடவினனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒருத்தரும் காணேல்லை. வாயை மூடினால் கொன்ரா, வீடு, மனிசி. வான் ஸ்ரார்ட் ஆகிச்சுது. யன்னலும் இல்லாத அந்தக் கப்பலுக்குள்ளை மூச்சு விடுற ஆக்கள் கண்ணுக்கு முன்னாலை வந்திச்சினம். விழுந்தடிச்சு ஓடி வானிலை அடிச்சன்.

"நிப்பாட்டு! எண்ணெய்! என்ரை தலை எண்ணெய்!"

பிரெஞ்சு ஒண்டும் வாயிலை வரேல்லை, தமிழிலைதான் கத்தினன். ஷெவ் ஓடிவந்தார். கையுறையைக் காட்டி, தலையைக் காட்டினன். அவர் கையுறையை மணந்து பாத்தார். பெட்டியெல்லாம் இறங்கிச்சுது. அவரும் நானும் ஒவ்வொரு பையா வெட்டி, பின்னேரம் வரைக்கும் திரும்பக் கழுவினம். எல்லாம் துலைஞ்சுது எண்டு வெளிக்கிடக் குளிர்ச் சட்டையை எடுத்தன்.

அப்பதான் ஷெவ் மேசையிலை கொன்ராவைத் தள்ளினார். "நீ சொல்லாமல் விட்டிருந்தால் நான் கண்டுபிடிச்சிருக்கமாட்டன். இனி எண்ணெய் இல்லாத தலையோடை வா."

"ஓம், ஓம்!" எண்டன். ரயிலுக்குள்ளை துள்ளவேணும் போலை கிடந்தது. அறைக்கு வந்த கையோடை எண்ணெய்ப் போத்திலைப் பக்கத்துக் கட்டில்காரனுக்குக் குடுத்தன்.

அடுத்த வரியம் மனிசி வந்திறங்கினா. விமான நிலையத்திலை என்னைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டா.

"என்னப்பா இது, தலை தும்பு மாதிரி? உங்களைப் பாக்க ஒருத்தரும் இல்லாமல் போச்சே!"

காரணம் சொல்லேலாது, கையெழுத்து வைச்சனான். அவ கைப்பையைத் திறந்து, துணியிலை சுத்தின போத்திலை எடுத்து, சனத்துக்கு நடுவிலை நிண்டு உள்ளங்கையிலை எண்ணெயை ஊத்தினா. அண்டைக்கு வெள்ளிக்கிழமை. அடுத்த ரெண்டு நாளும் வேலையில்லை. நான் தலையைக் குனிஞ்சு குடுத்தன்.