நான் விடச் சொன்ன தாள்

சுவிஸின் ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் நான். வேலையிழந்திருந்த வசந்தி அக்கா, வேலையில்லாக் காலத்துக் கொடுப்பனவின் சான்றிதழை நீட்டினார்.

"அந்தக் காசுக்கு வரியில்லை அக்கா, விடுங்கோ," என்றேன். யாரிடமும் விசாரிக்கவில்லை, அவ்வளவு திமிர்.

அந்தக் காசுக்கும் வரி உண்டென்று வரி அலுவலகம் விளக்கம் கேட்டது. இருவரும் போனோம்.

"நிரப்பியது யார்?" என்றார் அதிகாரி. அக்கா முந்திக்கொண்டு, தெரிந்த ஜெர்மனில், "நான்தான்," என்றார்.

"இல்லை, நான்," என்றேன். அங்கேயே அமர்ந்து திருத்தினேன். அக்கா வேலைப் பயிற்சிக்குக் கட்டிய காசை வருமானத்தில் கழிக்காமல் விட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்து, "ஏனக்கா பழியை எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீர் பயந்து இந்த வேலையை விட்டிட்டா மற்ற ஆக்களுக்கு ஆர் தம்பி நிரப்பிறது?"

நான் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம், "தெரியாது, கேட்டுச் சொல்லுறன்," என்று சொல்ல நான் கூசுவதில்லை.