துப்பாக்கி முனை மங்கும் வயது

கண்ணாடிக் கடைக்கு எல்லோரும் எழுத்து தெரியவில்லை என்று வருவார்கள். கேளம்பாக்கத்தில் என் கடைக்குத் துப்பாக்கி முனை தெரியவில்லை என்றும் வருகிறார்கள். நாற்பதைத் தாண்டி, செய்தித்தாளைக் கை நீட்டிப் படிக்கிறவர்களுக்கு அந்தச் சங்கடம் புரியும். முனையில் இருக்கும் குறி ஒரு கை நீளத்தில் நிற்கிறது. படிக்கிற கண்ணாடிக்கு அது எட்டம், தூரக் கண்ணாடிக்குக் கிட்டம்.

கை நீளம்

படூரிலிருந்து வந்தவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். "சுடுற மாதிரி கையை நீட்டுங்க சார், அளக்கணும்" என்றேன். பையிலிருந்து லைசென்ஸ் துப்பாக்கியையே எடுத்து நீட்டிவிட்டார். அது வாசலைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அப்படியே உறைந்து நின்றார். "சார், கீழே" என்று கத்தினேன். துப்பாக்கியை இறக்கியவரின் முகம் வெளுத்திருந்தது. "தோட்டா இல்லீங்க. முனையவே உத்துப் பாத்துக்கினு இருந்தேன், அந்தம்மா வந்ததே தெரியல."

என் தப்பு

அணுபுரத்து அம்மா ஒருவர், மூத்தோர் பிஸ்டல் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர். வலது கையால் சுடுகிறேன் என்றார். வலது லென்ஸை முனைக்கும் இடதைத் தூரத்துக்கும் செய்து கொடுத்தேன். போட்டிக்கு முந்தின நாள் காலையில் போன்: பத்துக் குண்டில் ஏழு, குறி அட்டையிலேயே படவில்லை.

அவர் வீட்டுக்கு ஓடினேன். இரண்டு கையையும் சேர்த்துச் சின்ன ஓட்டையாக்கி, அதன் வழியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணை மூடியதும் தொட்டி காணாமல் போனது. அவருக்குக் குறி பார்க்கிற கண் இடது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை. சாயங்காலத்துக்குள் இரண்டு லென்ஸையும் மாற்றிக்கொண்டு போய் நின்றேன். போட்டுப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எந்தக் கைன்னு கேட்டீங்க. எந்தக் கண்ணுன்னு கேக்கவே இல்லையே."

வெள்ளிக்கிழமை

ஐம்பத்தாறு வயது ஏட்டு, ஒரு கேட்டில் துப்பாக்கியோடு காவல் நிற்கிறவர். சுடும் தேர்வில் ஒருமுறை தவறி, வெள்ளிக்கிழமை மறுதேர்வு. "பவரை ஏத்திக் குடு அண்ணாத்த" என்றார். பார்த்தால் வலது கண்ணில் புரை. வலது தோளில் துப்பாக்கி வைக்கிறவருக்கு, குறி பார்க்கிற வேலையை இடது கண் எடுத்துக்கொண்டுவிட்டது.

"லென்ஸால ஆகாதுண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"அப்போ இடது பக்கம் டேப்பு ஒட்டிக் குடு, வலது கண்ணாலயே பாத்துக்கறேன். ஒரு நாளைக்குத்தான்."

முடியாது என்றேன். "நீங்க நிக்கிற இடத்துல ஆள் நடமாட்டம் உண்டா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தார். தேர்வுக்குப் போகவில்லை, ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருந்தார். "அதிகாரிகிட்ட நானே சொல்ட்டேன். அந்த கேட்டாண்ட தெனம் ஸ்கூல் பசங்க போய்க்கினு கீறாங்க, அண்ணாத்த."

இத்தனைக்கும் நான் ஒரு துப்பாக்கியையும் தொட்டதில்லை, ஆனால் இவர்கள் சுடப்போகும் நாளிலெல்லாம் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.