ஹொண்டுராஸ் லீக்கின் கடைசி ஆட்டமும் திருத்தாத மணிக்கூடும்

இந்தப் பயணத்தின் தூரம் இருபத்து நான்கு கிலோமீற்றர்தான். ரொறன்ரோவின் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பஸ், ஒரு சப்வே, மறுபடி ஒரு பஸ். ஆனாலும் போய்ச் சேர்ந்த இடம் ஹொண்டுராஸ் என்றே என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஏப்ரல் மாதத்து முதல் ஞாயிறு. அப்போது நான் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிவந்தேன். பக்கத்து இயந்திரத்தில் நின்றவன் ஒஸ்கார், ஹொண்டுராஸ்காரன். அவனுடைய தம்பி வில்மர், அங்கே ஒரு சிறு நகரத்து அணியின் கோல்காப்பாளன். அந்த அணி அந்தச் சீசனில்தான் முதன்முறையாகத் தேசிய லீக்கின் மேல்பிரிவுக்கு ஏறியிருந்தது. கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தால் மேலே தங்கலாம், தோற்றால் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பந்தை விட்டுவிட்டு ரொறன்ரோ வந்துவிடுவதாக வில்மர் தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தான். தாய் ஒஸ்காரோடு இங்கேதான் இருந்தார். வில்மருக்கான ஸ்பொன்சர் அலுவல் முடிந்து விசாவும் வந்திருந்தது.

ஊரில் ஒஸ்காரின் தங்கை ஒரு கடையில் வேலை செய்தாள். ஆட்டம் தொடங்கும்போது அவள் கடையைத் திறந்து, ரேடியோவின் முன்னால் தொலைபேசியைப் பிடிப்பாள். இவர்கள் இங்கிருந்து கேட்பார்கள். அதைப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒஸ்கார் பேசியது ஆங்கிலம். என் காதில் எங்கள் பேச்சாகவே விழுந்ததால் அப்படியே எழுதுகிறேன். நண்பன் என்று பொருள்படும் அவனுடைய 'அமிகோ'வை மட்டும் விட்டுவைக்கிறேன்.

"அங்கை மூண்டு மணிக்கு மாட்ச். இங்கை நாலு. பிந்தாமல் வா, அமிகோ."

சனிக்கிழமை ஒரு நீண்ட செய்தியை எழுதி முடித்துவிட்டு, ஞாயிறு மதியம் வரை தூங்கினேன். 2.40க்கு வீட்டை விட்டு இறங்கினேன். ஆறு பாகை குளிர், மழைத் தூறல். என்னிடம் ஒரு மெல்லிய சுவெற்றர்தான் இருந்தது. எக்ளின்ரனும் மார்க்கம் ரோட்டும் சந்திக்கும் பஸ் தரிப்பில் ஒரு தமிழ் இளைஞன் கேக் பெட்டியோடு நின்றான்.

"அண்ணை, நேரம் என்னண்டு சொல்லுவியளோ? மணிக்கூட்டை விட்டிட்டு வந்திட்டன்."

"ரெண்டு நாப்பத்தெட்டு."

"அப்ப கனநேரம் கிடக்கு. அக்கான்ரை பிள்ளைக்குப் பிறந்தநாள். மூண்டரைக்கு மெழுகுதிரி ஊதுவினமாம். கேக் என்னட்டை, நான் போகாமல் ஊதேலாது. உங்கடை மணிக்கூடு சரிதானே?"

"தம்பி, நான் பேப்பர்காரன். நேரம் பிழைச்சால் என்ரை பிழைப்பே பிழைச்சுப்போம்."

இரண்டு டொலர் போட்டுப் பஸ்ஸில் ஏறினேன். மாறிச் செல்வதற்கு ஓட்டுநர் கிழித்துத் தந்த சீட்டு நாலு மணி என்று அச்சிட்ட இடத்தில் கிழிந்திருந்தது. மனிதருக்குக் கண் மங்கல் என்று நினைத்துப் பையில் வைத்தேன். கென்னடி நிலையம் 3.10. அங்கிருந்து சப்வேயில் டஃபரின், 3.44. பிறகு வடக்கே போகும் பஸ்ஸில் சென்ற் கிளயர் வரை. ஒஸ்காரின் கதவைத் தட்டியபோது 3.58. மனதுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன்.

கதவைத் திறந்த ஒஸ்காரின் முகம் வெளிறிக் கிடந்தது.

"எங்கை போனனீ? ஒரு மணித்தியாலம் பிந்தி வாறாய்!"

"ஆர் பிந்தினது? நாலுக்கு இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு."

அவன் என்னைச் சுவர் மணிக்கூட்டுக்கு முன்னால் இழுத்துப் போனான். 4.58. அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் இரவு ரொறன்ரோ தன் மணிக்கூடுகளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தது. அன்று வசந்தகால நேர மாற்றம். பேப்பர்காரன் நான் மறந்து தூங்கிவிட்டேன்.

ஆனால் ஒஸ்காரின் கவலை வேறு. நாலு மணியிலிருந்து கடைக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தான். மணி அடித்தது, எவரும் தூக்கவில்லை. ஆட்டம் நின்றுவிட்டதோ, தங்கைக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று தவித்தான். தாய் செபமாலையோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார். அவருக்குப் பின்னால் கதவில் ஒரு கருநீலக் குளிர்கால ஜக்கெற் தொங்கியது. விலைச்சீட்டுக்கூடக் கழற்றவில்லை. வில்மருக்காக வாங்கியது.

"ஒஸ்கார், உங்கடை ஊரிலையும் மணிக்கூட்டைத் தள்ளுறவையோ?"

"இல்லை, அங்கை உந்த விளையாட்டெல்லாம்..." என்றவன் வாயைப் பொத்திக்கொண்டான். அங்கே மூன்று மணி என்பது முதல் நாள் வரைதான் இங்கே நாலு. இன்று முதல் ஐந்து. நான் மறந்தேன், அவன் கணக்கை விட்டான். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன.

மறுபடி எடுத்தான். முதல் மணியிலேயே தங்கையின் குரல். பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

தாய் என் கையைத் திருப்பிப் பார்த்து ஏதோ சொன்னார். ஒஸ்கார் சிரித்தான். "உந்த மணிக்கூட்டைத் தொடவேண்டாமாம். ரொறன்ரோவிலை ஊர்க் கணக்குக்கு ஒத்து ஓடுறது உது ஒண்டுதானாம்."

வர்ணனை ஸ்பானிய மொழியில். எனக்கு விளங்கியது ஒரே சொல், 'கோல்'. அவர்களுக்கும் நமக்கும் அது ஒன்றுதான். இடைவேளை வரை அந்தச் சொல் வரவேயில்லை. பீன்ஸ் மசியல் வைத்து மடித்த கோதுமை ரொட்டியைத் தாய் தந்தார். எதற்காகச் செபிக்கிறார் என்று ஒஸ்கார் மூலம் கேட்டேன்.

"அது கடவுளுக்குத் தெரியும், நீ சாப்பிடு எண்டுறா."

என் மணிக்கூட்டில் 5.44. எண்பத்தெட்டாவது நிமிடம். எதிரணிக்குப் பெனால்ரி. ஒஸ்கார் நிலத்தில் குந்திவிட்டான். அந்தச் சொல் வந்தால் அணி இறங்கும், மகன் வருவான், ஜக்கெற்றுக்கு ஆள் கிடைக்கும். தாய் கண்ணை மூடினார். வர்ணனையாளர் வேகமாகப் பேசி, சட்டென்று நிறுத்தினார்.

ஒரு இரைச்சல். சொல் வரவில்லை. "வில்மர்! வில்மர்! வில்மர்!" என்று மூன்று முறை கத்தினார்.

எல்லாரையும் முந்திக்கொண்டு எழுந்தவர் தாய். பல்கணிக் கதவைத் தள்ளித் திறந்து, மழைக்குள் நின்று, தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"என்ரை மகன் பிடிச்சிட்டான் எண்டுறா!" ஒஸ்கார் சிரித்தபடியே அழுதான். "ரெண்டு வருசமாய் அவன் வரோணுமெண்டு அழுத மனிசி, அமிகோ!"

கடைசி விசில் ஊதியது. பூச்சியத்துக்குப் பூச்சியம். அணி மேலேயே தங்கியது. ஒஸ்கார் தாயைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவர் முதுகில் அடித்து இறக்கச் சொன்னார். இறங்கியதும் ஜக்கெற்றை எடுத்து, விலைச்சீட்டைப் பிய்த்து, என் தோளில் போட்டார்.

"அவன் இனி அடுத்த சீசன் முடியத்தான் வருவானாம். நீ குளிரிலை வந்தனீயாம்." ஒஸ்கார் மொழிபெயர்த்தான்.

ஜக்கெற்றின் கை எனக்கு நான்கு விரல் கூடுதல் நீளம். கோல்காப்பாளன் அளவு.

இப்படிப் போக விரும்புவோருக்கு: பாதை இன்றும் ஏறக்குறைய அதேதான், வாசலுக்கு வாசல் எண்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கால் மணி கூட்டிக்கொள்ளுங்கள். நேர மாற்றம் இப்போது மார்ச்சிலேயே வருகிறது. வேறு நாட்டு ஆட்டம் கேட்கப் போனால், எத்தனை மணி வித்தியாசம் என்று கேட்காதீர்கள், அங்கே இப்போது என்ன நேரம் என்று கேளுங்கள். பசியோடு போங்கள்.

கேக் கொண்டுபோன தம்பி இதை வாசித்தால் மன்னிக்க வேண்டும். எங்கள் ஆட்களின் பார்ட்டிதானே, நீங்கள்தான் முதலில் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மணிக்கூட்டைத் திங்கள் காலைதான் திருத்தினேன். ஜக்கெற்றின் கையை மடித்துத் தைக்க இன்றுவரை மனம் வரவில்லை.