மெட்ராஸ்காரர் வீட்டு செட்

முனிரத்தினம் போய்விட்டான். காலையில் திருப்பதியிலிருந்து அவன் மருமகள் போன் பண்ணினாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரிக்கிற காலத்தில் பிச்சாட்டூரில் எனக்கு டீக்கடை. எதிரே அவனுக்கு சைக்கிள் கடை. ரெண்டிலும் பேட்டரி ரேடியோ. என் செட்டில் விஜயவாடா கணீர் என்று வரும், மெட்ராஸ் கரகரக்கும். அவன் செட்டில் அப்படியே தலைகீழ்.

நம்ம ஊர் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று கேட்க, சாயங்காலமானால் ஜனம் கூடும். தமிழ் நியூஸுக்கு அவன் கடை, தெலுங்கு நியூஸுக்கு என் கடை. நடுரோட்டில் இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டே இருப்பார்கள்.

ஆந்திராதான் என்று என் செட் முதலில் சொன்னது.

"இன்னாபா, உன் டப்பா நம்மள ஆந்திராவுக்கு அனுப்பிடிச்சே."

"உன் செட்டு இன்னா சொல்லுது?"

"அது இன்னும் சொல்லல. சொல்ற வரைக்கும் நான் மெட்ராஸ்காரன்."

அன்றிலிருந்து எனக்கு அவன் மெட்ராஸ்காரர்தான்... திருப்பதிக்கு மகன் வீட்டோடு குடிபோன பிறகும்.

ரேடியோ போய் ஸ்டீரியோ வந்தது. ரெண்டு பேர் வீட்டிலும் ஆம்ப்ளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள். அவரவர் செட்டுக்கு அவரவர் காது மார்க் போடக்கூடாது, அது எங்கள் சட்டம். அவன் வந்து என் செட்டைக் கேட்பான். நான் பஸ் ஏறிப் போய் அவன் செட்டைக் கேட்பேன். கேட்கிறவன் உள்ளே நாற்காலியில். செட்டுக்காரன் வெளியே, வாசலில். மூஞ்சியைப் பார்த்தால் பேச்சு மாறிவிடுமே.

"லெஃப்ட் பொட்டிக்கு சளி புடிச்சிகினு கீதுபா" என்பான்.

"உன் பொட்டியோட பாஸ் சத்தம் வயித்த கலக்குது. கக்கூஸ் எங்க கீது?" என்பேன் நான்.

"ரெண்டு பேருக்கும் காதே போச்சி, இன்னும் எதுக்கு சண்ட?" என்று அவன் சம்சாரம் காபி கொண்டுவந்து வைக்கும். அந்த மகராசியும் இல்லை இப்போது.

நல்லா கீது என்று ஒருநாளும் சொன்னதில்லை, அவனும் நானும்.

முட்டி போன பிறகு பஸ் ஏற முடியவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்போம். "போன்ல எந்த செட்டும் ஒரே மாதிரிதான் நைனா கேக்கும்" என்று என் மகன் சிரித்தான்.

எங்களுக்குத் தெரியாதா... தெரிந்தேதான் சண்டை போட்டோம்.

காலையில் அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னது, "மாமா, அவரு செட்ட உங்களுக்கே குடுத்துடச் சொன்னாரு. 'அவன் செட்டு பக்கத்துலயே வெச்சி போடச் சொல்லு, அப்பத் தெரியும் அவனுக்கு'ன்னாரு."

"வாணாம்மா. அங்கியே இருக்கட்டும்" என்றேன்.

ரெண்டும் என் வீட்டிலேயே இருந்தால், நான் எந்த வீட்டுக்குப் போய்க் கேட்பது?

செட்டைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்கிறேன். உள்ளே நாற்காலி காலி.

போய் வாங்க, மெட்ராஸ்காரரே.