ஒற்றைக் கயிறு துர்தகுன்

கத்தியை வெந்நீரில் போடுவதற்கு முன்னால் துர்தகுன் ஆண் குதிரைக்குட்டியின் அடிவயிற்றுக்குக் கீழே கையை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். இரண்டு விதையும் இறங்கிவிட்டனவா, பருத்திருக்கின்றனவா என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். "ரெண்டும் இருக்கு, நல்ல பழம்" என்பான். இல்லையென்றால், "இவன் இன்னும் பச்சைப்புள்ள. அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க." நாரின் என்னும் எங்கள் மலைநாட்டில் குதிரைக்குக் காயடிக்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. கை சொல்வதைக் கேட்டு வேலை செய்கிறவன் இவன் ஒருவன்தான். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஒரு நொண்டிக் குதிரையில் தொடங்கி இன்று பெரிய மந்தை வைத்திருக்கிறேன். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தப்பு வந்ததில்லை.

மற்றவர்களுக்குக் குட்டியைச் சாய்க்க மூன்று ஆள் வேண்டும். துர்தகுன் தனியாள். குதிரைமயிரில் திரித்த கயிறு ஒன்று. கழுத்தில் ஒரு சுற்று, பின்னங்காலில் ஒரு சுற்று, தோளால் ஒரு முட்டு. குட்டி சரிந்துவிடும். யாராவது உதவ வந்தால், "தள்ளி நில்லுங்கண்ணே, கயித்துக்கு ரெண்டு பக்கமும் ஆள் வச்சா எனக்கு எதுக்குச் சோறு?" என்பான். ஊரில் அவனுக்கு ஒற்றைக் கயிறு என்றே பெயர்.

வயது முப்பத்தெட்டு. பொலிகுதிரைக் கழுத்து, முதுகு நிறையப் பரு, தொட்டதற்கெல்லாம் கோபம். சட்டைப்பையில் எப்போதும் மனைவி அனார்குல் உருட்டிக் காயவைத்த உப்புத் தயிர் உருண்டைகள் கிடக்கும். வேலை முடிந்ததும் குதிரையின் காதருகே குனிந்து, "கோவிச்சுக்காத தம்பி, இனிமே சண்டை கிடையாது, நிம்மதியா மேயி" என்பான்.

கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. பழி அனார்குல் மேல். அவள் குடிக்காத மூலிகை இல்லை. ஊற்றடிப் புதரில் வேண்டிக்கொண்டு அவள் கட்டாத துணி இல்லை. துர்தகுனின் அக்கா வேறு பெண் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அவன் உடம்பைப் பார்க்கிற எவருக்கும் குறை அந்தப் பக்கம் இருக்குமென்று தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

போன இலையுதிர் காலத்தில் அனார்குல் என்னிடம் வந்து சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்கு நான் ஏழு தடவ போயாச்சு. இந்தத் தடவ அவரு போகட்டும். மாட்டேன்னா நான் எங்கப்பா வீட்டுக்குப் போறேன்."

இருவரையும் என் ஜீப்பில்தான் அழைத்துப் போனேன். மருத்துவர் பெண் என்று தெரிந்ததும் துர்தகுன் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டான். மருத்துவர் பெயர் மீரிம், மேய்ப்பர் வீட்டுப் பிள்ளை. துர்தகுன் சுவரைப் பார்த்துப் பேசினான்.

"எங்கிட்ட ஒரு குதிரை இருக்கு தங்கச்சி. நல்லாத் தின்னும். பலம் ஜாஸ்தி. ஆனா பெட்டை சினையாக மாட்டேங்குது."

அவள் சிரிக்கவில்லை. "குதிரைக்கு என்ன வயசுண்ணே?"

"முப்பத்தெட்டு."

"குதிரைக்கு ஊசி கீசி போடுறீங்களா?"

துர்தகுன் என்னை ஒருமுறை பார்த்தான். "வாரத்துக்கு ஒண்ணு. குதிரைமேல இருந்து ஆட்டுடல் பிடுங்கி விளையாடுற ஆட்டக்காரங்க சொன்னாங்க, சந்தையில வாங்கினேன். ஆம்பளைச் சத்தாம். நாலரை வருசமாச்சு."

குதிரைப்பாலின் பலம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவந்தது இதைத்தான்.

விந்துப் பரிசோதனையில் உயிரணு ஒன்றுகூட இல்லை. மீரிம் பொறுமையாகச் சொன்னாள். "அந்த ஊசியில இருக்குற டெஸ்டோஸ்டிரோன் ஆம்பளைக்குத் தேவைதாண்ணே. எலும்பு, சதை, ரத்தம், மனசு, எல்லாத்துக்கும் வேணும். மூளை உத்தரவு போடும், விதை செய்யும். நீங்க வெளியிலேர்ந்து கொட்டினா, அதான் நிறைய இருக்கேன்னு மூளை உத்தரவ நிறுத்திடும். விதை வேலையில்லாம சுருங்கிடும். அப்புறம் உயிரணு எங்கேர்ந்து வரும்? ஊர்க் குதிரைக்கெல்லாம் கத்தியால காயடிச்சீங்க. இந்தக் குதிரைக்கு ஊசியால."

ஊசியை விட்டால் திரும்பலாம்; ஆறு மாதமோ ஒரு வருடமோ, அதற்கு மேலும் ஆகலாம்; திரும்பாமலும் போகலாம். அதுவரை அவள் பார்வையில் இருக்க வேண்டும். பலம் இறங்கும், சோர்வு வரும், மனம் கசக்கும். "தாங்குவீங்களா?" என்றாள்.

"வசந்தத்துல காயடிக்கிற காலம் வருதே தங்கச்சி" என்றான்.

திரும்பும் வழியில் பாதி தூரத்தில் அவன் தன் வலக்கையை விரித்துப் பார்த்தான். "இது அப்பவே சொல்லிச்சு பெரியப்பா. குளிருக்குச் சுருங்கியிருக்குன்னு நெனச்சேன்." பின்னிருக்கையில் அனார்குல் சிரித்தாள். அழுகை கலந்த சிரிப்பு.

பனிக்காலம் முழுவதும் அவன் வெளியே தலைகாட்டவில்லை; ஊசி விஷயம் மட்டும் ஊருக்குள் பரவிவிட்டது. இந்த வசந்தத்தில் என் பட்டிக்கு வந்தான். கழுத்து இளைத்திருந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தை அனார்குல் தூக்கிவந்தாள். முதல் குட்டி, செம்பழுப்பு, இரண்டு வயது. அடிவயிற்றில் கைவிட்டுக் கண்ணை மூடினான். "ரெண்டும் இருக்கு." கயிற்றைச் சுற்றினான். தோளால் முட்டினான். குட்டி நின்றது. இன்னொரு முட்டு. அப்போதும் நின்றது.

"என்னப்பா ஒற்றைக் கயிறு, வீட்டுல கஞ்சிதானா?" என்று வேலிமேல் இருந்து ஒருவன் கேட்டான். "ஊசிக்காரன் சந்தையிலதான் இருக்கான், கூட்டியாரவா?" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். அனார்குல் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் நின்றாள்.

துர்தகுன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேலிவரை நடந்துவந்து, கயிற்றின் மறுமுனையை என்னிடம் நீட்டினான்.