குச்சி இல்லாத தீப்பெட்டி

இந்த ஊரில் டாக்டர் கதவைத் தட்டுகிறார். தட்டிவிட்டு வெளியிலேயே நிற்கிறார். "உள்ளே வரலாமா, தனா?" என்று கேட்கிறார். யாரிடம்? என்னிடம்! கோவில்பட்டிப் பக்கம் பதினோரு வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக நின்ற தனலட்சுமியிடம். அங்கே டாக்டர் வருகிறார் என்றால் முதலில் செருப்புச் சத்தம் வரும், உடனே நாங்கள் எழுந்து நிற்போம், அதற்கப்புறம்தான் டாக்டர் வருவார். ஸ்காட்லாந்துக்கு வந்த முதல் வாரம் அந்த மனிதர் கதவைத் தட்டியதும், பதறிப்போய் நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துடைத்து அவர் முன்னால் போட்டுவிட்டு மூலையில் போய் நின்றுகொண்டேன். அவர் ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டூலில்தான் ஏதோ கோளாறு போல என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தேன்.

விஷயம் இதுதான். இங்கே பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் யாருக்கும் எடுபிடி இல்லை. சிக்கல் இல்லாத பிரசவம் என்றால் ஆரம்பம் முதல் முடிவு வரை அவள் பொறுப்பு. முடிவு அவளுடையது, கையெழுத்தும் அவளுடையது. ஊரில் நான் எடுத்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் விளாத்திகுளம் பஸ் நூறு நிறையும். ஆனால் ரிஜிஸ்டரில் ஒன்றில்கூட என் கையெழுத்து கிடையாது. தலை வந்தது என் கையில்தான், கையெழுத்து மட்டும் டாக்டருடையது. அதை அப்போது நான் குறையாகவே நினைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே அந்த உரிமை சும்மா கிடைத்துவிடாது. ஃபியோனா என்ற மூத்த மிட்வைஃப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, நான் ஐந்து பிரசவம் பார்க்க வேண்டும். நாலு முடிந்தது. மதிப்பீட்டுத் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தது, கடைசிக் கட்டத்தைத் தவிர. "தானே முடிவெடுத்தார்" என்ற கட்டம் அது. நான்தான் தும்முவதற்குக்கூட அனுமதி கேட்கிற ஜாதியாயிற்றே! "பார்க்கலாமா? திருப்பிப் படுக்க வைக்கலாமா?" என்று நாலு தடவையும் ஃபியோனாவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "நீ என்னைக் கேட்கிற வரைக்கும் அந்தக் கட்டத்தில் நான் எப்படி டிக் போடுவது, தனா?" என்றாள் அவள். ஐந்தாவதிலும் கேட்டேன் என்றால் இன்னும் ஒரு வருடம் அடுத்தவர் பின்னால் நின்று துண்டு எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து என் கோட்டுப் பையிலிருந்து தீப்பெட்டி கீழே விழுந்தது. ஃபியோனா எடுத்துத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு குச்சி இல்லை. அத்தனையையும் நான் பற்ற வைத்துத் தீர்த்துவிட்டேன் என்று நினைத்து, பாவம், முகம் வாடிப்போனாள். இந்த ஊரில் யாரும் திட்டுவதில்லை. திட்டுவதற்குப் பதில் ஆள் அனுப்புகிறார்கள். மறுநாள் காலையில் தங்க விக்கிரகம் மாதிரி ஒரு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாளைக்கு எத்தனை, டியர்?" என்றாள். பிரசவக் கணக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "ஊரில் இருந்தபோது பத்துகூட ஆகும். இங்கே வாரத்துக்கு ஒன்றுதான். அதுவும் ஃபியோனா கூட இருந்தால்தான்" என்றேன். "ஃபியோனாவுமா?" என்று அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். சிகரெட்டை விடுவதற்கு உடம்பில் ஒட்டும் பட்டையை அவள் வெளியே எடுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. "ஐயோ, இது பற்ற வைக்க இல்லை, பெண்களை அளப்பதற்கு!" என்று அலறினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்கிறேன். பிரசவ வலியில் கருப்பையின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, இரண்டு விரலை விரித்துத்தான் அறிய வேண்டும். பத்து சென்டிமீட்டர் திறந்தால் பிள்ளை வரும். நான் படித்த நர்சிங் பள்ளியில் இதைப் பழக ஒரு பொம்மை இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள் இருந்தது. சாவி பெரிய மேடத்திடம். ஆயுத பூஜை அன்று பீரோவைத் திறந்து, பொம்மைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மறுபடி பூட்டிவிடுவார்கள். மூன்றரை வருடத்தில் அந்தப் பொம்மையை நான் கும்பிட்டிருக்கிறேனே தவிர தொட்டதில்லை. என் கூடப் படித்த மாரிச்செல்விதான் வழி கண்டுபிடித்தாள். அவளுடைய அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை, வீடெல்லாம் வெறும் பெட்டி. "ஏட்டி தனம், இங்கன பாரு. பெட்டி அகலம் மூணரை, நீளம் அஞ்சு. ரெண்டு பெட்டிய நீளவாக்குல ஒட்டி வச்சா பத்து. ரெண்டு பெட்டின்னா பிள்ள வந்துட்டுன்னு அர்த்தம்!" என்றாள். போர்வைக்கு அடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விரலை விரித்து விரித்தே பழகினோம். விடுதியில் மற்ற பெண்கள் எங்களைப் பைத்தியம் என்றார்கள்.

நான் கிளம்பிய அன்று கோவில்பட்டி ஸ்டேஷனில் அவள் ஒரு பெட்டியைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கினாள். "பிளேன்ல குச்சிய விட மாட்டாவளாம். பெட்டிய நீ கொண்டு போ, குச்சிய நான் வச்சுக்கிடுதேன்" என்று அத்தனை குச்சியையும் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். இருவரும் சிரித்தோம். ரயில் வடக்கே சென்னைக்குப் போகிறது, அவளோ தெற்கே மணியாச்சிப் பக்கம் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் அவ்வளவு தண்ணீர்.

இந்தக் கதையை ஃபியோனாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பயிற்சி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பொம்மைகள் எல்லாம் மேசை மேல் கிடந்தன, சந்தனம் இல்லாமல், பூட்டு இல்லாமல். வேறு வேறு அளவில் ஓட்டைகள் போட்ட ஒரு பலகையைத் துணியால் மூடி, "சொல்லு பார்ப்போம்" என்றாள். நாலு, ஏழு, எட்டரை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அரை சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை! ஃபியோனா செய்து பார்த்தாள், ஒன்று தவறியது. அவ்வளவுதான், டீ நேரத்தில் வார்டே தீப்பெட்டி விளையாட்டில் இறங்கிவிட்டது. "டூ பெட்டி! டூ பெட்டி!" என்று ஒரே கூச்சல். எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி வேண்டுமாம். ஆஸ்பத்திரிக்குள் உரசுகிற மருந்துப் பட்டை ஆகாது என்பதால், அது பூசாத பெட்டியாக அனுப்பச் சொல்லி மாரிச்செல்விக்குப் போன் போட்டேன். அவள் தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சியிடம் போய் நின்றிருக்கிறாள்.

"குச்சியும் வேண்டாங்கிய, மருந்தும் வேண்டாங்கிய. வெறும் பெட்டிய வச்சு என்னம்மா செய்யப் போறிய?"

"பிள்ள எடுக்கதுக்கு அண்ணாச்சி."

அவர் உடனே நூறு பெட்டியை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

ஐந்தாவது பிரசவம் ஆஸ்பத்திரியில் இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணை வீட்டில். பகல் பதினொரு மணி, மழை. கார் நின்ற இடத்திலிருந்து வீடு வரைக்கும் சேறு. ஃபியோனாவின் பூட்ஸைச் சேறு பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. நான் மழைக்காலத்துக் கரிசலில் நடந்த காலல்லவா, ஜம்மென்று போய்ச் சேர்ந்தேன். கர்ஸ்டி என்ற பெண்ணுக்கு முதல் பிரசவம். மதியம் ஒரு மணி இருக்கும், வலி உச்சத்துக்குப் போய், "என்னால் முடியாது, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அழுதாள். அவள் புருஷன் கேலம் வெளுத்துப்போய்க் கார் சாவியை எடுத்தான். "ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா?" என்று ஃபியோனாவைக் கேட்டான். ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேர தூரம். ஃபியோனா ஜன்னல் வழியாக ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள். இரக்கமே இல்லாதவள்!

"பார்க்கலாமா" என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, கேட்க வேண்டியவளிடம் கேட்டேன். "கர்ஸ்டி, பார்க்கட்டுமா?" அவள் தலையாட்டினாள். விரலை விரித்தேன். அடி ஆத்தா! என்னை அறியாமல் தமிழில் கத்தினேன்: "ரெண்டு பெட்டி!" ஜன்னல் பக்கம் டீக் கோப்பை டக்கென்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. "இப்போது கிளம்பினால் பிள்ளை பாதி வழியில் பிறக்கும். பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது. இங்கேயே இருக்கலாம் என்பது என் முடிவு. நீ என்ன சொல்கிறாய்?" என்று கர்ஸ்டியிடம் கேட்டேன். "இருக்கலாம்" என்றாள். கேலம் சாவியைக் கீழே போட்டான். அதற்கப்புறம் நான் இங்கிலீஷ் பேசியதாக நினைவில்லை. "முக்கு தாயி, அப்படித்தான், என் ராசாத்தி, முக்கு" என்றுதான் சொன்னேன் போலிருக்கிறது. அவளும் விளாத்திகுளத்தில் பிறந்தவள் மாதிரி முக்கினாள். அரை மணி நேரத்தில் பெண் பிள்ளை, சிவப்பு முடியோடு, ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு!

ஃபியோனா மதிப்பீட்டுத் தாளை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டாள். பிறகு பிரசவக் குறிப்பை என் பக்கம் திருப்பி, "இங்கே உன் கையெழுத்து" என்றாள். டாக்டருக்கான இடம் எங்கே என்று என் கண் பழக்கத்தில் தேடியது. அப்படி ஓர் இடமே அதில் இல்லை. முழுப்பெயரையும் எழுதினேன். "தனலட்சுமி" கோணல் மாணலாக வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சமையலறைக்குள் போய் இரண்டு தடவை குதித்தேன்.

அங்கே கேலம் டீ போட நின்றுகொண்டிருந்தான். அடுப்பு பற்ற வைக்கும் லைட்டர் வேலை செய்யவில்லை. "யாரிடமாவது தீப்பெட்டி இருக்கிறதா?" என்றான். வாசலில் வந்து நின்ற ஃபியோனா என்னையே பார்த்தாள். பெருமையாகப் பையில் கைவிட்டுப் பெட்டியை எடுத்து நீட்டினேன். அவன் திறந்தான். வெறும் பெட்டி. ஊரெல்லாம் தீக்குச்சி செய்கிற கோவில்பட்டிக்காரி கையில் ஒரு டீக்குக் குச்சி இல்லை! மூவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

திரும்பும் வழியில் மாரிச்செல்விக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவளிடமும் சேதி இருந்தது. நம்மூரிலும் மிட்வைஃப் பயிற்சி வந்திருக்கிறதாம், அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். "பொம்மையெல்லாம் மேச மேலயே கெடக்காம், தொட்டுப் பழகலாமாம். படிச்சு முடிச்சா பிரசவத்துக்கு நாமளே பொறுப்பாம் தனம்!" என்று அவள் கத்தியதில் ஃபியோனா காரை ஓரம் கட்டிவிட்டாள். டீக்குக் குச்சி இல்லாமல் போன கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கையில் பெட்டியை வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"குச்சி பூரா இங்கனதான ஏட்டி கெடக்கு" என்றாள். "ஒண்ணக்கூட நான் உரசல. வந்து எடுத்துக்கோ."