சட்டைக் காகிதத்தின் எந்தப் பக்கம்?

மழைக்காலத்தில் ஒரு மதியம், புனே போபோடியில் இருக்கும் என் பிரிண்டிங் கடைக்குள் ஒரு காகிதத்தின் மூலையை உதடுகளுக்கு நடுவில் கவ்விக்கொண்டு நின்றிருந்தேன். வயது ஐம்பத்திரண்டு. கண்ணில் தண்ணீர்.

பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தொழிலில் இது ஒரு சோதனை. இங்க்ஜெட் மையை அப்படியே விட்டால் துணி, மரம், கையால் செய்த காகிதம் எதிலும் நிற்காது, ஊறிப் பரவிவிடும். அதனால் முதலில் கோட்டிங் என்ற பால் போன்ற திரவத்தை ஃபோம் பிரஷ்ஷால் நெடுக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை அடிப்போம். காய்ந்தபின் அது கண்ணுக்குத் தெரியாது. ஈர உதட்டில் வைத்தால் கோட்டிங் உள்ள பக்கம் லேசாக ஒட்டும். இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்றுதான், அடிப்பதற்கு முன்பே பின்பக்கம் பென்சிலில் சின்னதாக ஒரு எக்ஸ் போட்டுவிடுவோம். என்னிடம் வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்வேன், குரலை உயர்த்தி.

அன்று நான் போடவில்லை.

காகிதம் நித்யாவுடையது. ஓவியம் படித்த பெண். அவளுடைய முதல் கண்காட்சி. ஆகுர்டியில் ஒரு வண்டிக் கம்பெனியில் ரிடையர் ஆன அப்பாவின் யூனிஃபார்ம் சட்டைகளைக் கிழித்து, ஊறவைத்து, அரைத்து, அவளே செய்த நீலச் சாம்பல் காகிதம். அதில் அவள் கொடுத்த படத்தைப் பிரிண்ட் செய்ய வேண்டும். மொத்தம் மூன்று ஷீட். இரண்டை டெஸ்ட் பிரிண்ட் எடுத்தே நான் தின்றுவிட்டேன்.

“அங்கிள், இது ஆக்ரி ஷீட், வேற இல்ல. சட்டையும் கதம். ரெண்டு பக்கமும் தெரியற மாதிரி கண்ணாடில தொங்கவிடப் போறேன், எங்கயும் பென்சில் கோடு வேணாம், ஹாங்?”

“ஞாபகம் வெச்சுக்கறேம்மா” என்றேன்.

கோட்டிங் அடித்து, ஒரே கிளிப்பில் மாட்டி, ஃபேனைப் போட்டேன். கூரியர்காரருக்குக் கையெழுத்துப் போட்டுத் திரும்பினால், காகிதம் ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் இரட்டைப் பிள்ளைகள். உதட்டில் வைத்தேன்: இந்தப் பக்கம் ஒட்டியது. அந்தப் பக்கமும் ஒட்டியது. ஓரம் மெல்லிசாக இருந்ததால் திரவம் மறுபுறம் இறங்கியிருக்கிறது. தப்பான பக்கத்தில் பிரிண்ட் கொடுத்தால் படம் கலங்கிப் போகும். சந்தேகத்துக்கு இரண்டு பக்கமும் இன்னொரு கை அடித்தாலோ, ஏற்கெனவே அடித்த பக்கம் தடித்து வெடிக்கும். மறுநாள் காலை ஃபிரேம் கடைக்குப் போக வேண்டிய ஷீட் அது.

உடனே பொய்கள் தயாரித்தேன். கரண்ட் இல்லை, பிரிண்டர் ஹெட் அடைத்துவிட்டது. மூன்றாவது பொய்யில் நானே காலமாகியிருந்தேன். அதை நானே போன் செய்து சொல்வதில் சிக்கல் இருந்ததால், உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் நித்யா வந்தாள். ஸ்கூட்டர் ஓட்டி வந்த அவள் அப்பா, ரெயின்கோட் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார்.

“டைரெக்டா சொல்லுங்க அங்கிள். கெட்டுப்போயி கராப் ஆயிடுச்சா?”

“ஆகலம்மா. ஆகறதுக்கு அம்பது சதவீதம் சான்ஸ் இருக்கு.”

“என்னங்க பிரச்சனை?” என்றார் அப்பா.

“டெக்னிக்கல் விஷயம்ணே. நீங்க உக்காருங்க.” ஸ்டூலை வேறு இழுத்துப் போட்டேன்.

அவர் உட்காரவில்லை. நாங்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “எந்தப் பக்கம் பிரைமர் அடிச்சீங்கன்னு தெரியல. அவ்ளோதானே?” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, விரல்களின் பின்புறத்தால் காகிதத்தின் நடுவில் மெதுவாகத் தடவினார். திருப்பி மறுபடி தடவினார்.

“இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் தடவினா பஞ்சு எழும்புது.”

“நிச்சயமாவாண்ணே?”

“முப்பது வருஷம் பெயிண்ட் ஷாப்புங்க. வண்டியோட பெட்ரோல் டேங்க் வந்துகிட்டே இருக்கும், தடவித் தடவி அனுப்பணும். உள்ளங்கை காச்சுப் போச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியாது. பொறங்கைக்குத் தெரியும்.”

நித்யா என்னைப் பார்த்தாள். “பப்பா சொன்னா போடுங்க.”

ஹெட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, பிரிண்ட் கொடுத்தேன். படம் மேலிருந்து விரல் விரலாக இறங்கியது. முதலில் நரைத்த தலைமுடி. கோடு கலங்கவில்லை. பிறகு பஸ் ஜன்னல், மூடிய கண்கள், திறந்த வாய். கம்பெனி பஸ்ஸில் யூனிஃபார்மோடு தூங்கும் ஒரு மனிதர்.

அப்பா குனிந்து பார்த்தார்.

“நான் இப்படியா வாயைத் தொறந்துகிட்டுத் தூங்கறேன்?”

“தினமும் பப்பா.”

“சட்டையெல்லாம் பாத்திரக்காரிக்குப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேனே...” என்று அந்த நீலச் சாம்பலை அடையாளம் கண்டு கையை நீட்டினார்.

“தொடாதீங்கண்ணே, ஈரம்” என்றேன்.

எக்ஸ் போடு என்பது இதில் சின்னப் பாடம். ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் நிற்கிறவரை வெறும் டிரைவர் என்று முடிவுகட்டாதே என்பதுதான் பெரியது. இப்போது யார் எதைக் கொண்டுவந்தாலும், கூட வந்தவரிடம் முதலில் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கிறேன். போன வாரம் மரப்பலகையில் படம் கேட்டு வந்த பெண்ணின் கணவர் பல் டாக்டர். பலகையைத் தேய்த்து மெருகேற்றுவது பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன்.